வடிவு என்று ஒரு பெயர்

மகளுக்கு வடிவு என்று பெயர் வைத்ததும் அத்தை கேட்டது, "ஏன்டா, ஸ்கூல்ல வடிவேலுன்னு கிண்டல் பண்ண மாட்டாங்களா?" பண்ணலாம். ஆனால் அந்த வடி வேறு, கூர்மையான வேல் அது. இது வடிவு, அழகு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றைக்கும் "வடிவா இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள், நாம்தான் அந்தச் சொல்லைக் கணக்குப் புத்தகத்தோடு விட்டுவிட்டோம்.

எங்கள் திருவொற்றியூரில் பெயர் வந்த வழி தெரிந்ததே: தியாகராஜர் கோயில் வடிவுடையம்மன். உடை என்றால் துணி இல்லை, அழகை உடையவள். வள்ளலார் அவள்மேல் 101 பாட்டு பாடியிருக்கிறார். பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் இவள், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் பார்ப்பது இங்கே வழக்கம், என் ஆயா அதற்காகக் காசிமேட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போவார்.

ஆயாவின் தெருவில் மீன்கார வடிவு, மாடிவீட்டு வடிவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு வடிவுகள் இருந்தார்களாம். இப்போது தடுப்பூசி போடப் போனால் நர்ஸ் பெயரை இரண்டு முறை கேட்கிறார். சரி, கேட்கட்டும். மூன்றே எழுத்து, வாசலில் நின்று கத்திக் கூப்பிடத் தோதான பெயர்.

அத்தையும் இப்போது வடிவுக்குட்டி என்றுதான் கொஞ்சுகிறார்.