வடக்குச் சுவரின் வெயில்

மதுரையில் வீடு கட்டிக் குடிவந்த ஆண்டு, வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழலாகவே இருக்கும் என்று நம்பி, ஐப்பசி மழையில் புதினாவையும் வெற்றிலைக் கொடியையும் அந்தச் சுவரை ஒட்டி வைத்தேன். மாசி வரை இரண்டும் தழைத்தன. வைகாசியில் புதினா அடியோடு காய்ந்துபோயிற்று. வெற்றிலையின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இருவேளையும் ஊற்றிப் பார்த்தும் பயனில்லை.

நான் படித்திருந்த பெர்மாகல்ச்சர் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுத் தோட்டங்களைப் பற்றியவை. 1970-களில் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்த இம்முறை, ஒரே மனைக்குள் சுவரும் மரமும் நீரும் சரிவும் உண்டாக்கும் நுண்காலநிலைகளை, அதாவது இடத்துக்கு இடம் மாறும் வெயிலையும் ஈரத்தையும், கவனித்து, அவற்றுக்கேற்பப் பயிரையும் கட்டடத்தையும் அமைக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கை எங்கும் பொருந்தும். ஐரோப்பியத் தோட்டக்காரரின் திசைக்கணக்கு இங்கே பொருந்தாது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். மதுரையோ ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நம் உச்சியைக் கடந்து வடக்கே போகும் சூரியன், ஆகஸ்ட் கடைசியில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதத்துக்கும் மேலாக அது வடகிழக்கில் எழுந்து, வடபுறமாகவே நகர்ந்து, வடமேற்கில் மறைவதால், நாள் முழுவதும் வெயிலில் கிடப்பது வடக்குச் சுவரடிதான். 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் டிசம்பரில் வடக்கே ஆறரை அடி நீள்கிறது. ஜூனில் தெற்கே இரண்டரை அடிக்குள் ஒடுங்கிவிடுகிறது.

தீர்வை மதுரையை அடுத்த சோழவந்தானின் கொடிக்கால்களில், அதாவது வெற்றிலைத் தோட்டங்களில், கண்டேன். முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்த பிறகே அதன் காலடியில் வெற்றிலையை நடுகிறார்கள். அகத்தி கொடிக்குப் பற்றுக்கோடாகவும் சல்லடை நிழலாகவும் நிற்கிறது. வாய்க்கால் நீரும் நெருங்கிய இலைகளும் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. நிழல் மிகும்போது அகத்தியின் கிளைகளைக் கழிக்கிறார்கள். பெர்மாகல்ச்சர் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் உழவர்கள் கையாண்ட நுண்காலநிலைக் கலை இது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. இப்போது என் வடக்குப் பாத்தியில் நான்கு அகத்திகள் நிற்கின்றன. ஐப்பசியில், வீட்டின் நிழலே போதுமானதாக இருக்கும்போது, அவற்றைக் கழித்துக் கீரையாக்கிவிடுகிறேன். புதினாத் தொட்டிகளைச் சித்திரையில் தெற்குச் சுவரடிக்கும் புரட்டாசியில் வடக்குக்கும் மாற்றுகிறேன்.

வீட்டுக்குள் தொல்லை தந்தது மேற்குச் சுவர். பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடித்த செங்கல், அந்த வெப்பத்தை இரவில் படுக்கையறைக்குள் விட்டது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கம்பிப் பந்தல் நிறுத்திக் கோவைக்கொடியைப் படரவிட்டேன். கொடியைச் சுவர்மீதே ஏற்றுவதை நான் விரும்புவதில்லை: ஈரம் தங்கும், பூச்சு உதிரும். இடைவெளி இருந்தால், வெயில் இலையோடு நின்றுவிடுகிறது. நடுவே சூடேறும் காற்றும் மேலெழுந்து வெளியேறிவிடுகிறது. முன்பு நள்ளிரவுக்குப் பிறகும் கையை வைக்க முடியாதபடி கொதித்த அந்தச் சுவர், சென்ற அக்கினி நட்சத்திரத்தின்போது இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறிவிட்டது.