கோயோக் ஒட்டிய இரவு

"உங்களுக்கும் இப்படி ஆயிருக்காண்ணே?" என்று என்னோடு நைட் டூட்டி பார்த்த நர்ஸ் தம்பி கேட்டான். "எனக்கா? ஒண்ணும் ஆனதில்லப்பா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. லினன் ரூமில் போர்வை அடுக்குகளுக்கு நடுவே, விடியற்காலை மூன்றேகால் மணி. அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான், நான் பின்னால் நின்று இடுப்பில் கோயோக், அதாவது வலிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரி, ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பொய்.

முதல் கோயோக் ஒட்டவே இல்லை. வியர்வை. ஓரம் சுருண்டு என் விரலில்தான் ஒட்டிக்கொண்டது. காஸ் துணியால் முதுகைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். முதுகெலும்புக்கு இடப்பக்கம் சதை மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது, நடுவே ஒரு இடம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. "வீட்டுல அம்மா வாசனை இப்படித்தாண்ணே இருக்கும்" என்று சிரித்தான். சிரிக்கும்போது மூச்சு பாதியில் நின்றது. அதை நான் கவனித்தேன். கவனித்த பிறகும்தான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

14ஆம் கட்டில் ஐயா ஸ்ட்ரோக் வந்தவர், நல்ல கனம். கட்டிலில் கீழே சரிந்து கிடந்தார், பேம்பர்ஸும் மாற்ற வேண்டியிருந்தது. ஆளைத் தூக்குகிற ஹாய்ஸ்ட் மெஷினில் சார்ஜ் இல்லை, சறுக்கி நகர்த்துகிற ஸ்லைடு ஷீட் ஸ்டோருக்குள் இருந்தது, கூட இருந்த மிஸ்ஸி (பெண் நர்ஸ்) புது அட்மிஷனில் மாட்டிக்கொண்டிருந்தார். இவன் தனியாக இழுத்தான். இழுத்தபோது சுருக்கென்றது என்றான். அன்றைக்கு இன்சார்ஜ் நான். ஆண்கள் பக்கத்தை அந்த வாரம் முழுக்க அவன் பெயரில் போட்டவனும் நான்தான். அது போதாதென்று பெண்கள் பக்கத்திலிருந்தும் யாரையாவது தூக்கவோ திருப்பவோ வேண்டும் என்றால் "பிரதர், கொஞ்சம் வாங்க" என்று அவனைத்தான் கூப்பிடுவோம். மூன்று மணிக்குள் அன்று ஏழு தடவை போயிருக்கிறான். அதில் நான்கு தடவை கூப்பிட்டது நான். இதைப் பிறகுதான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

அப்புறம் அவன் கேட்டான், "ரிப்போர்ட் எழுதட்டுமாண்ணே?"

வேண்டாம் என்றேன். அதற்கு என்னிடம் காரணம் இருந்தது, இன்றைக்கும் அதை முழுதாகத் தள்ள முடியவில்லை. அவனுக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை. அந்த ஃபாரத்தில் உதவிக் கருவி பயன்படுத்தினாயா, இரண்டாவது ஆளைக் கூப்பிட்டாயா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் இல்லை என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் தப்பு அவன் தலையில் விழும். பயிற்சிக்குப் போ என்பார்கள், ஃபைலில் ஒரு தாள் ஏறும். இப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தம்பியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே ஃபாரத்தின் அடுத்த கேள்வி, அன்றைக்கு ஆட்களைப் பிரித்துப் போட்டது யார் என்பது. அந்தக் கேள்வி அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணிச் சொல்ல வராது.

பத்து நாள் கழித்து அவனால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், டிஸ்க் பிதுங்கியிருந்தது. எங்கள் மாதிரி தனியார் வேலைக்காரர்களுக்குப் பெர்க்கேசோ என்கிற மலேசியத் தொழிலாளர் காப்புறுதி இருக்கிறது. வேலையில் அடிபட்டால் முதலாளி, விஷயம் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். மெடிக்கல் லீவு குறைந்தது நான்கு நாள் இருந்தால் கணக்குப்படி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இவனுக்கோ அன்றைய தேதியில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஆபீசில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த இரவே வலி என்று சொன்னான், நானே மருந்து ஒட்டிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதை மட்டும் எழுதவில்லை. ஏன் உடனே சொல்லவில்லை என்று அவனைக் கேட்டபோது, அவனும் என் பெயரைச் சொல்லவில்லை. விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போனது, கடைசியில் போதும் என்று அவனே விட்டுவிட்டான். இப்போது பட்டர்வொர்த் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டரில் இருக்கிறான். அங்கே தூக்குகிற வேலை குறைவு.

சரி, பொய்க்கு வருகிறேன். எனக்கு 2016இல் இதே இடத்தில், இதே மாதிரிதான் பிடித்தது. ஆறு மாதம் தரையில் பாய் போட்டு முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத்தான் படுத்தேன். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்தேன். வீட்டில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை? அப்போது வார்டில் நான் ஒருத்தன்தான் ஆண். ராத்திரி நான் வந்து நின்றாலே, "ஆம்பளப் பிள்ளை இருக்கு, இன்னைக்குக் கவலை இல்லை" என்று சீனியர் அக்கா சொல்லுவார். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். மற்ற வேலைக்குப் போனால் கதை வேறு. பெண் நோயாளியின் திரையைத் தொடும் முன்பே "மிஸ்ஸி இல்லையா?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். அதில் தப்பே இல்லை, என் அம்மா படுத்திருந்தாலும் நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கும்போது உள்ளே ஏதோ சுருங்கிப்போகும். சொந்தக்காரர்களோ, டாக்டரா என்பார்கள், இல்லை என்றால் எம்.ஏ.வா, மெடிக்கல் அசிஸ்டன்டா என்பார்கள், அதுவும் இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் தாத்தா காலத்துத் தோட்டங்களில் ஊசி போட்டு, புண் கழுவி, கட்டுக் கட்டியது டிரெஸ்ஸர்தானே, ஆம்பளைதானே, ஊரே டிரெஸ்ஸர் ஐயா என்று எழுந்து நின்றதே என்று சொல்லத் தோன்றும், சொன்னதில்லை. ஆக, தூக்குகிற வேலை ஒன்றில்தான் எங்களை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த இடத்தில் போய் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

உடம்புக்கு இதெல்லாம் தெரியுமா? அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 2007இல் ஒரு கணக்குப் போட்டார். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 16 கிலோவைத் தாண்டினால் கருவி வேண்டும் என்பது அது. நூறு கிலோ ஆளின் ஒற்றைக் காலே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்று அதில் இல்லை. இதைப் படித்த அன்று இரண்டு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஆண்களுக்கு வேறு எண் எங்காவது போட்டிருப்பார்கள் என்று.

இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில், ஒரு பந்தலில் மோர் குடிக்கும்போது அவனைப் பார்த்தேன். அவன் அம்மா பால்குடம் எடுத்து மேலே போயிருந்தார். அவன் படி ஏறவில்லை. நான்தான் பேச்சை எடுத்தேன். "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கும் முதுகு போனதுதான், உனக்கு ரொம்ப முன்னாடியே" என்றேன்.

"தெரியும்ணே" என்றான். "கீழ்த் தட்டுல இருந்து எதையாவது எடுக்கணும்னா நீங்க ஒரு கைய ட்ராலியில ஊணிக்கிட்டுத்தான் குனிவீங்க. வந்த மொத வாரமே பார்த்தேன்."

"அப்புறம் ஏண்டா கேட்டே?"

"நீங்களும் சொன்னீங்கன்னா, நானும் வலிக்குதுன்னு சொல்லலாம்னு."

உறுமி மேளம் காதை அடைத்தது. அதற்கு மேல் பேச முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா இறங்கி வந்து என் நெற்றியில் விபூதி பூசி, "நீங்கதான் அன்னைக்கு ராத்திரி கோயோக் ஒட்டி விட்டீங்களாம், சொல்லிக்கிட்டே இருப்பான்" என்றார். நல்லா இருங்க என்றார்.

அன்றிலிருந்து இதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் ரிப்போர்ட் எழுதியிருப்பான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. எழுதியிருந்தாலும் டிஸ்க் திரும்பி உள்ளே போயிருக்காதே என்று மறுநாள் தோன்றுகிறது. ஆள் பற்றாக்குறையை நானா உண்டாக்கினேன் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாமே சரியாகத்தான் படுகிறது, எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது.

இப்போது என் ஷிப்டில் யாருக்கு எங்கே பிடித்தாலும் அன்றைக்கே எழுத வைக்கிறேன். டூட்டி ஏறியதும் ஹாய்ஸ்டைச் சார்ஜில் போடுகிறேன். ஆனால் போன வாரம் 9ஆம் கட்டில் பாட்டி சரிந்தபோது, பக்கத்திலேயே இரண்டு மிஸ்ஸி நின்றிருந்தும், என் வாயில் வந்தது புதிதாகச் சேர்ந்த பையனின் பெயர்தான். அவன் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவன், விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான். வந்தவனை ஸ்லைடு ஷீட் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன்.