இலக்கு 130, கடிகாரம் காட்டுவதோ 168

ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்க வேண்டும் என்ற இலக்குக் கணக்கு எளிதாக முடிந்தது. வயது 45, ஓய்வுத் துடிப்பு 62. 220-இல் வயது போக உச்சத் துடிப்பு 175. அதில் 62 போக 113. கார்வோனன் முறைப்படி இந்த 113-இல் 60–70 சதவீதம் எடுத்து, 62-ஐத் திரும்பக் கூட்டினால் 130–141. ஜிம் சுவர் அட்டைபோல 175-லேயே சதவீதம் போட்டால் 105–122தான் வரும். ஓடிப் பழகியவருக்கு 105 வெறும் நடை.

அந்த 62, விழித்ததும் படுக்கையிலேயே முழு நிமிடம் எண்ணிய மூன்று நாள் சராசரி. அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். ஓய்வுத் துடிப்பு 5 பிசகினால் 60 சதவீத இலக்கு 2தான் நகரும். உச்சம் 10 பிசகினால் 6 நகரும். 220 சூத்திரம் ஆளுக்கு ஆள் 10–12 முன்பின் போவது சாதாரணம். உச்சத்துக்கான இன்னொரு கணக்கான தனாகா சூத்திரமும் (208 − 0.7 × வயது) இந்த வயதில் 176.5தான் தருகிறது.

வம்பு, துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தில். தாராளமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 168 காட்டியது. சட்டென்று நின்று, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் லேசாக விரல் வைத்து 10 விநாடி எண்ணினால் 22, அதாவது 132. அப்படியானால் 168 எது? நிமிடத்துக்கு விழும் காலடி! கடிகாரத்தின் பச்சை ஒளி தோலடி ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. பட்டை தளர்ந்தால் கைவீச்சின் ஆட்டத்தையே துடிப்பென்று எண்ணிவிடும். உறுதிசெய்ய, வேகத்தை மாற்றாமல் அடியை மட்டும் குறுக்கி 180 ஆக்க வேண்டும். கடிகாரமும் கூடவே 180-க்கு ஏறியது. பிடிபட்டது.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கி, முதல் பத்து நிமிடம் நடந்து தொடங்கினால் பாதி நாள் சரியாக வருகிறது. மீதி நாள் பழையபடி 168. இடதோ வலதோ, கை மாற்றியும் பயனில்லை.

ஆகவே மார்புப் பட்டைதான். அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கும்; மின்முனைகளை நனைத்துக் கட்டாவிட்டால் வியர்க்கும்வரை கன்னாபின்னாவென்று காட்டும். வாங்கும்போது துணிப்பட்டை தனியாகக் கிடைக்குமா என்று பார்க்கவும், முதலில் போவது அதுதான். ஓடி முடித்ததும் சென்சாரைக் கழற்றி வைக்காவிட்டால் ஈரத்திலேயே விழித்திருந்து பேட்டரியைத் தின்னும்.

பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு மேலே உள்ள எந்த எண்ணும் பொருந்தாது. மருத்துவரிடம்தான் இலக்கு கேட்க வேண்டும்.

பட்டை வந்ததும் மேம்பால ஏற்றத்தில் உச்சத்தை நேரடியாக அளக்கும் திட்டம். 175-லேயே நின்றால் இலக்கு அப்படியே 130. 185 வந்தால் இலக்கு 136-இல் தொடங்கும்.