பட்டிக்கு எதிர்க்கரை

மே 29
மகளுடைய குழந்தையின் எடை 1,340 கிராம். நேற்றைவிட 20 கூடுதல்.

மகளும் மாப்பிள்ளையும் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையிடம் இரண்டு பேரைத்தான் விடுவார்கள். நான் பாலத்துக்கு நடந்தேன். இந்த இங்கிலாந்து ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது: ஆஷ்ஃபோர்ட் இன் த வாட்டர். பாலம் 17-ஆம் நூற்றாண்டில் பொதிக்குதிரைகளுக்காகக் கட்டியது, மூன்று வளைவு. கீழே வை ஆற்றில் டிரவுட் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அரை மணி நேரம் பார்த்தேன்.

மே 30
மழை. போகவில்லை.

மே 31
பாலத்தை ஒட்டிக் கல் சுவர் எழுப்பிய ஒரு பட்டி இருக்கிறது. அது எதற்கென்று இன்றுதான் தெரிந்தது. கம்பளி கத்தரிக்கும் முன் ஆடுகளைக் கழுவ வேண்டும், சுத்தமான கம்பளிக்கு விலை அதிகம். குட்டிகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, தாய் ஆடுகளை எதிர்க்கரையில் இருந்து ஆற்றில் தள்ளுவார்களாம். குட்டியிடம் போய்ச் சேர அது நீந்தும். நீந்துவதிலேயே கழுவியாகிவிடும். ஷீப்வாஷ் பாலம் என்ற பெயரே அதனால்தான்.

குட்டி கத்துகிற சத்தம் கேட்டுத்தானே தாய்க்குத் திசை தெரியும்? கத்தாத குட்டியாக இருந்தால்?

குழந்தைக்குத் தொண்டையில் குழாய் இருக்கும்வரை அழுதாலும் சத்தம் வராதாம். வாய் மட்டும் கோணுகிறது என்றாள் மகள்.

ஜூன் 1
1,310.

ஜூன் 2
ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குள் போனேன், சும்மா உட்காரலாம் என்று. மேலே வெளுத்த காகித மாலைகள் தொங்கின. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்களுக்காகச் செய்தவை. பழையது 1747-ஆம் ஆண்டினுடையது. ஏன்தான் நிமிர்ந்து பார்த்தேனோ. அவளிடம் சொல்லமாட்டேன்.

ஜூன் 3
இரவு இரண்டு மணி. பால் எடுக்கிற மெஷின் ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறாள். பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் பேசுவதில்லை.

ஜூன் 5
1,390!

பக்கத்து ஊர் பேக்வெல் போய்க் கம்பளி நூல் வாங்கினேன், மஞ்சள். குல்லாவுக்கு என் உள்ளங்கை அளவு போதும் என்கிறாள். திரும்பி வரும்போது பாலத்தில் நின்றேன். பட்டியின் உள்சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அப்புறம் அந்த எண்ணம்தான் மறுபடி: குட்டியைப் பட்டிக்குள் யாராவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்களா, இல்லை தனியாகவே விட்டிருப்பார்களா?

ஜூன் 6
நாளை குழாயை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். பத்து மணிக்கு. என்னையும் வரச் சொன்னார்கள். குல்லா இன்னும் நான்கு சுற்று பாக்கி