அங்கிள் டூம்

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர்களின் கதைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன ஒரு கோரிக்கை உண்டு. வில்லன் வெறும் கொடியவனாகத் தெரிகிறான், அவனுக்கு ஒரு குழந்தையிடம் பாசம் இருப்பதாகக் காட்டலாமே என்பார்கள். கேட்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: குழந்தை சிரிக்கும், அவன் மனம் இளகும், அடுத்த பகுதியில் திருந்தத் தொடங்கிவிடுவான். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது, மார்வெல் காமிக்ஸில் டாக்டர் டூம் என்னும் வில்லனுக்கும் அவன் எதிரியின் மகளான வலேரியா ரிச்சர்ட்ஸுக்கும் இடையிலான உறவை.

1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய டூம், லாட்வேரியா என்னும் கற்பனை நாட்டின் சர்வாதிகாரி. ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்னும் சூப்பர் ஹீரோ குழுவின் தலைவரான ரீட் ரிச்சர்ட்ஸைவிடத் தானே அறிவாளி என்று நிறுவுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவன். 2002இல் வெளியான கதையொன்றில் ரீட்டின் மனைவி சூவின் பிரசவம் உயிருக்கே ஆபத்தாகிவிட, அவள் தம்பி ஜானி வேறு வழியின்றி டூமிடம் போய் நிற்கிறான். தாயையும் சேயையும் காப்பாற்றிய டூம், கூலியாகக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் கேட்டு, தன் பழைய காதலியின் பெயரான வலேரியாவையே சூட்டுகிறான். இதோடு நிறுத்தியிருந்தால் நெகிழ்ச்சியான கதையாகியிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டே, மந்திர சக்தி வேண்டி அந்தக் காதலியைப் பேய்களுக்குப் பலி கொடுத்து, அவள் தோலையே கவசமாக அணிந்துகொள்கிறான்; பெயர் சூட்டிய குழந்தையையும் தன் மாந்திரீகத்துக்குக் கருவியாக்குகிறான். மார்க் வெயிட் எழுதிய இந்தப் பகுதியைப் படித்தபின் ‘பாசம்’ என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

ஆனாலும் பின்னர் ஜோனதன் ஹிக்மன் இக்கதைகளை எழுதிய ஆண்டுகளில் அது உண்மையான பாசமாகத்தான் வளர்கிறது. மூளை பாதிக்கப்பட்டு, தன் பெருமைக்கெல்லாம் ஆதாரமான அறிவையே இழந்துகொண்டிருக்கும் டூமிடம், அப்பாவைவிடப் புத்திசாலியான அந்தச் சிறுமி தானாகவே வந்து பேரம் பேசுகிறாள்: உன்னைச் சரிசெய்ய உதவுகிறேன், நீ என் அப்பாவுக்கு உதவ வேண்டும். அவளுக்கு அவன் அங்கிள் டூம். அவன் யார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் வருகிறாள். மற்றவர்களிடம் அச்சத்தையோ வெறுப்பையோ மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு இது புதிது. ரீட்டிடம் அவனால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாத அறிவை, அவருடைய மகளிடம் போட்டியில்லாமல் மெச்ச முடிகிறது.

இந்த இடத்தில் நான் கிறிஸ்டாஃபைப் பற்றியும் சொல்வது வழக்கம். டூம் முன்பே வாரிசாகத் தத்தெடுத்த சிறுவன் அவன். டூம் இறந்துவிட்டதாக எண்ணிய எந்திரங்கள், ஏற்கெனவே இடப்பட்டிருந்த ஏற்பாட்டின்படி, டூமின் நினைவுகளை அந்தப் பிள்ளையின் மூளையில் ஏற்றிவிட்டன. ஒரு குழந்தையை இன்னொரு டூமாக்குவதே அவன் அறிந்த வளர்ப்பு. பிற்பாடு, கிறிஸ்டாஃபிடம் தங்கியிருந்த அந்த நினைவுகளைக் கொண்டுதான் டூமின் மூளையும் மீட்கப்படுகிறது. வலேரியாவை அப்படித் தன் நகலாக்க அவன் முயலவில்லை. 2015இல், பிரபஞ்சங்கள் அழிந்தபின் எஞ்சிய உலகத்துக்கெல்லாம் தானே கடவுளாகி, ரீட்டின் குடும்பத்தையே தன் குடும்பமாக்கிக்கொண்ட கதையிலும் அவள் அறிவை மழுங்கடிக்காமல், விஞ்ஞான அமைப்பொன்றின் தலைமையை அவளிடமே ஒப்படைக்கிறான். பொய்யின்மேல் கட்டிய உலகில் துருவிக் கேட்கக்கூடிய ஒருத்தியை அருகிலேயே வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தென்று அவனுக்குத் தெரியாதா என்ன? அடுத்தவன் மகளைத் திருடியதும் அவன்தான் என்பதைக் கதை மறைக்கவும் இல்லை.

அவன் நேசிப்பது குழந்தையையா, ரீட்டிடமிருந்து பறிக்கக்கூடிய வெற்றியையா என்று இளையவர்கள் கேட்பார்கள். இரண்டையும்தான் என்பேன். இரண்டையும் பிரிக்க முயன்றால் டூம் அந்தக் காட்சியிலிருந்தே காணாமல் போய்விடுவான். வில்லனின் குரல் தழுதழுக்க வேண்டியதில்லை. குழந்தைக்காக அவன் எதை விட்டுக்கொடுக்கிறான், எதை விட மறுக்கிறான் என்பது தெரிந்தால் போதும். ஆகவே இத்தகைய காட்சி வந்தால், எங்கள் குழுவில் குழந்தையின் வசனங்களை முதலில் எழுதி முடிக்கச் சொல்கிறேன். அவள் அவனைப் பற்றி என்னென்ன அறிந்திருக்கிறாள் என்பது தாளில் ஏறிய பிறகே வில்லனின் வசனத்துக்கு வருகிறோம்.