இடது பக்கம்

2025 மே 29

காலையில் பாண்காரன் வந்தான். ஆட்டோவில் வழக்கம்போல பேத்தோவனின் அந்தச் சின்னப் பியானோத் துண்டு 'ஃபூர் எலீஸ்', சுருதி பாதி கழன்றுபோய். படலையடியில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆட்டோ இடப்பக்கத்தால் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. "அண்ணே, எத்தினை?"

1810இல் எழுதியது. அச்சில் வந்தது 1867இல், அவர் செத்து நாற்பது வருடம் கழித்து. எழுதும்போதே காது மந்தம். இதை எத்தனை பேருக்கு வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன்.

மே 30

இடக்காது இன்னும் இல்லை.

மே 31

சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு குளிசை, ஒரேயடியாக. நித்திரை இல்லை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மின்விசிறி நின்றுவிடுகிறது. நாய், கடல், எல்லாம் நின்றுவிடுகின்றன. விசில் மட்டும் இருக்கிறது.

டொக்டர் இசைக்கவையை முழங்கையில் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தது திரும்பத் திரும்ப வருகிறது. கவையின் காம்பில் அதிர்வெண் 512 என்று வெட்டியிருந்தது. ஒரு கட்டைச் சுருதியில் மேல் ஸா 523. இது கொஞ்சம் இறங்கின ஸா. அழகான நாதம். "எந்தப் பக்கம் கேட்குது?" வலம் என்றேன். குறும்பி அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் கேட்டிருக்குமாம். நான் இடம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று மூன்று மணி வரைக்கும் யோசித்துக்கொண்டு கிடந்தேன். பொய் சொன்னால் நரம்பு சரியாகிவிடுமா என்ன.

ஜூன் 1

ஞாயிறு. மகள் இயர்போனோடு வந்தாள். அவள் நாலாம் வகுப்பில் தொடங்கிய வழக்கம்: ஒரு சோடியில் ஆளுக்கொன்று, அவளுடைய பாட்டு ஒன்று, என்னுடையது ஒன்று. நான் அவளுக்கு இளையராஜா கொடுத்தேன், நாகூர் ஹனீபா கொடுத்தேன், பொப்பிசைப் பைலா கொடுத்தேன். அவள் எனக்கு ஏழு கொரியப் பையன்களைக் கொடுத்தாள். ஏழு பேரையும் குரலை வைத்தே பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

வலப்பக்கம்தான் வந்து உட்காருவாள். 'எல்' என்று போட்டதை நீட்டுவாள். இன்றைக்கும் நீட்டினாள். வாங்கி மாட்டிக்கொண்டேன். அவள் கால் ஆடுவதைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"அப்பா, பாட்டு முடிஞ்சு எவ்வளவு நேரம்!"

நித்திரை தூங்கிவிட்டேன் என்றேன். உட்கார்ந்துகொண்டா என்றாள்.

ஜூன் 3

இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது. குளிசையின் வேலை.

ஜூன் 4

பீட்டில்ஸ்காரர்களின் பழைய ஸ்டீரியோப் பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். இயர்போனை நேராக மாட்டி ஒருமுறை, மாற்றி மாட்டி ஒருமுறை கேட்டேன். ஒருமுறை பாட்டுக்காரன் தனியாக நிற்கிறான். மற்றமுறை கிட்டாரும் ட்ரம்மும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கின்றன. சிரிப்பும் வந்தது.

போனில் 'மோனோ ஒலி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றில் வந்துவிடும். அழுத்தவில்லை.

பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக்குழுவின் பிரையன் வில்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலக்காது இல்லை. 1966இல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' என்ற அந்தப் பெரிய தட்டை மோனோவில்தான் கலந்தார். அவருக்கு வலம், எனக்கு இடம். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள்.

ஜூன் 5

மிருதங்கத்தில் இடப்பக்கம் தொப்பி. ரவை பிசைந்து அப்பினால்தான் அந்தக் கும்காரம் வரும். காய்ந்துவிட்டால் தட்டத் தட்ட வெறும் தோல்.

ஜூன் 7

இரண்டு நாளாக வலக்காதிலும் ஏதோ இரைகிறது. (இல்லை. குளிர்சாதனப் பெட்டி.)

ஜூன் 9

குளிர்த்தி, கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. மனைவி கட்டாயப்படுத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். உடுக்கு, சிலம்பு, குரவை, ஒலிபெருக்கி, பிள்ளைகளின் சத்தம், எல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதுபோல. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. சின்ன வயதில் பெத்தாவின் (பாட்டி) மடியில் கண்ணை மூடிக்கொண்டு, உடுக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று விரலால் காட்டுவேன். பிழைத்ததே இல்லை. நடுவில் எழும்பி வெளியே வந்து செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஜூன் 10

பறுவம், முழுநிலா. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்க மச்சானின் தோணியில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே. மகளும் வந்தாள். விபுலாநந்த அடிகள் இந்த வாவியைக் கேட்டுத்தான் யாழ் நூலில் நீரரமகளிரை, நீர்த் தேவதைகளை, பாடினார் என்று தொடங்கினேன். "தெரியும் அப்பா, பள்ளியில எத்தினை தரம்."

துடுப்பைத் தண்ணீரில் நிறுத்தி மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். முதலில் இடது. விசில்தான். மரத்தின் ஈரம் கன்னத்தில் பட்டது. பிறகு வலது. அடியில் எங்கேயோ, தடித்த நரம்பைச் சுண்டிவிட்டதுபோல ஒன்று. விட்டது. மறுபடியும்.

"அதான் மச்சான்," என்றான். மகள் வாங்கி வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

திரும்பும்போது அவள் என் இடப்பக்கம் மாறி உட்கார்ந்தாள். இயர்போனை எடுத்து 'ஆர்' போட்டதை நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொரியப் பாட்டு.

ஜூன் 12

பிரையன் வில்சன் நேற்றுச் செத்துப்போனார். 82 வயது.

மோனோப் பொத்தானை அழுத்தி, அந்தத் தட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். மனைவி இரண்டு தரம் கூப்பிட்டாளாம்.

குளிசை இன்றிலிருந்து ஆறு. நாளைக்கு எட்டரைக்குக் காதுச் சோதனை. சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்க மறந்துவிட்டேன்.