“கம்மியா இருக்கு, சார்”

ராத்திரி 2 மணிக்கு நான் போனில் சொன்னது நான்கே வார்த்தை. “சார், யூரின் கம்மியா இருக்கு.”

“கிரியேட்டினின் எவ்வளவு?”

“சாயந்தரம் 1.1, சார்.”

“நார்மல்தானே சிஸ்டர். லேசிக்ஸ் 20 போடுங்க, காலையில பாத்துக்கலாம்.”

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். லேசிக்ஸ் சிறுநீரைக் கூட்டும் ஊசி. நோட்ஸில் ‘டியூட்டி டாக்டர் இன்ஃபார்ம்டு’ என்று எழுதினேன். பின்னால் விசாரணை வந்தபோது என்னைக் காப்பாற்றியது அந்த வரிதான். என் வேலையை நான் செய்திருக்கிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

செய்தேனா?

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த அம்மா, எடை 60 கிலோ. மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். சிறுநீர் சேரும் யூரோபேக்கின் அளவுக்கோடுகளை நம்ப முடியாது என்று அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். 6 மணி நேரத்துக்கு 110. அடர்ந்த மஞ்சள். குழாய் மடங்கியிருக்கிறதா, அடைப்பா என்று பார்த்தேன்; அடிவயிறு தொட மெத்தென்று இருந்தது, உள்ளே சிறுநீர் தேங்கவில்லை. பிரஷர் 96/60. வழக்கமாக 150க்கு மேல் இருக்கிறவர்.

இத்தனையும் கையில் இருந்தது. போனில் போனது ‘கம்மி’ மட்டும். தூக்கத்தில் எழுப்புகிறோமே என்ற கூச்சம் ஒரு காரணம். அவரும் கேட்கவில்லை என்பது என் பக்க நியாயம். கேட்டால்தான் சொல்வேன் என்று இருந்தேனா என்பது வேறு கேள்வி.

அந்த 1.1 ரிப்போர்ட்டில் கறுப்பு எழுத்தில்தான் இருந்தது, சிவப்பு இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவருக்கு 0.7. இரண்டு நாளுக்குள் 0.3 கூடினாலே சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது என்று 2012ல் வந்த கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. கிரியேட்டினின் மெதுவாகத்தான் ஏறும். எண் நன்றாகத் தெரியும்போது அடி விழுந்து நேரமாகியிருக்கும். 0.7 அதே ஃபைலில், நாலு தாள் பின்னால். அந்தத் தாளைக் கோத்தவள் நான். பார்த்தேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லேசிக்ஸ் போட்டதும் 4 மணிக்குள் 280 மில்லி வந்தது. சார்ட்டில் எழுதும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி! அந்த எண்ணைப் பார்த்துத்தான் காலை டூட்டியும் கவலையை விட்டது. உடம்பில் நீர் வற்றியிருந்தவரிடமிருந்து மேலும் நீரைப் பிழிந்திருக்கிறோம். லேசிக்ஸ் சிறுநீரைக் கூட்டுமே தவிர சிறுநீரகத்தைச் சரிசெய்யாது. அவருக்கு வேண்டியிருந்தது சலைன்.

மூன்றாம் நாள் கிரியேட்டினின் 3.4, பொட்டாசியம் ஆபத்தான 6.6, இசிஜியில் டி அலைகள் கூர்கூராக. கால்சியம் குளுக்கோனேட், அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின். பொட்டாசியம் இறங்குவதாக இல்லை, டயாலிசிஸ் இரண்டு முறை. நெஃப்ராலஜி (சிறுநீரக) டாக்டர் சார்ட்டைப் புரட்டிவிட்டுச் சத்தம் போடாமல் சொன்னார்: “சிறுநீரகத்துக்குள்ள போற ரத்தக்குழாயை வலி ஊசி சுருக்குது. வெளிய வர்ற குழாயை பிரஷர் மாத்திரை தளர்த்துது. நீர் மருந்து ரத்த அளவையே குறைக்குது. அப்புறம் வடிகட்ட அழுத்தம் எங்கேருந்து வரும்?”

பிரஷர் மாத்திரை எனாலப்ரிலை ராத்திரி 9 மணிக்குக் கொடுத்தது நான். லேசிக்ஸ் நான். விசாரணையில் யாரும் கேட்காததால் நானும் சொல்லாத ஒன்று: காலை 6 மணி வலி ஊசி டைக்ளோஃபெனாக்கும் என் கைதான். சார்ட்டில் இருந்தது, போட்டேன். சிரிஞ்சில் மருந்தை ஏற்றியபோது ஒரு நொடி நின்றேன். அது சந்தேகமா, இரவு முழுக்க விழித்த களைப்பா தெரியாது.

அந்த அம்மா வீட்டுக்குப் போனார். கிரியேட்டினின் 1.3ல் நின்றது, 0.7க்குத் திரும்பவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, “ராத்திரியெல்லாம் நீதாம்மா வந்து வந்து பாத்த” என்றார்.

இப்போதெல்லாம் எண்ணைச் சொல்கிறேன். எடை, மணிக்கு எத்தனை மில்லி, பழைய கிரியேட்டினின், பிரஷர். ‘கம்மி’ என்ற சொல் வாயில் வருவதில்லை.

போன மாதம் இன்னொருவர், கால் எலும்பு முறிவு. சிறுநீர் கொஞ்சம் குறைந்ததும் வலி ஊசியை நிறுத்திவைக்கலாமா என்று போனில் கேட்டேன். “உங்க இஷ்டம் சிஸ்டர், பாராசிட்டமால் போடுங்க” என்றார் டாக்டர். நிறுத்தினேன். அந்த நோயாளி விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். காலையில் கிரியேட்டினின் 0.8, பழையதும் 0.8தான்.

“ஏன் சிஸ்டர் ஊசி போடல?” என்று கேட்டார். “டாக்டர் சொன்னாரு” என்றேன்.